குறுக்கே நின்ற வண்டி

“பெரிய ஆபீசருக்கு ரோடு இருக்குது. காட்டுல நின்னு செத்தவங்களுக்கு என்ன இருக்குது கண்ணு?”

வாஷிங்டன் மாநிலத்தின் 410-ஆம் எண் நெடுஞ்சாலையில், ஈனம்க்ளா ஊரைத் தாண்டி ரெய்னியர் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அப்பா இதைக் கேட்டார். அவர் ஊர் திரும்பி வெகுநாள் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அந்தச் சாலைக்கு மேதர் நினைவுப் பெருவழி என்று பெயர். பலகையைப் பார்த்து, யார் இந்த மேதர் என்று அப்பா விசாரித்தார். ஸ்டீபன் மேதர் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர். வெண்கார வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1916-இல் அந்தத் துறை உருவாக முன்னின்று பாடுபட்டார், அதற்காகத் தன் கைப்பணத்தையும் தாராளமாகச் செலவழித்தார். பக்கவாதம் வந்து பதவியை விட்டு, 1930 ஜனவரியில் இறந்தார். இதையெல்லாம் சொன்னதும் அப்பா, “நல்ல மனுசன்தான்” என்றார். அப்பா மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கத்துக் காடுகளில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல அதிகாரி என்றால் அவருக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் காட்டில் நின்று செத்தவர்களைப் பற்றியும் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதே மலையின் இன்னொரு பக்கத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன்.

2012 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. ரெய்னியரில் பனி பார்க்க வருகிறவர்கள் போகும் இடம் பாரடைஸ். 5,400 அடி உயரம். குளிர்காலத்தில் அதற்குள்ள ஒரே வழி, பாதி உயரத்திலிருக்கும் லாங்மையரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலைதான். வண்டிகளில் டயர்ச் சங்கிலி இருக்கிறதா என்று ரேஞ்சர்கள் நிறுத்திப் பார்த்து மேலே விடுவார்கள். அன்று காலை ஒரு கார் அந்தச் சோதனையில் நிற்காமல் போனது. ஒரு ரேஞ்சர் பின்னாலேயே துரத்திக்கொண்டு போனார். மேலே பணியிலிருந்த ரேஞ்சர் மார்கரெட் ஆண்டர்சனுக்குத் தகவல் போயிற்று. பாரடைசுக்குச் சுமார் ஒரு மைல் கீழே, பார்ன் ஃப்ளாட்ஸ் என்னும் இடத்தில், அவர் தன் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார். வந்தவன் சுட்டான். வண்டியைவிட்டு இறங்குவதற்குள் குண்டு பாய்ந்துவிட்டது. நெருங்கப் பார்த்தவர்களையும் அவன் சுட்டுக்கொண்டே இருந்ததால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் யாராலும் அவர் அருகில் போக முடியவில்லை.

இறந்தபோது அவருக்கு வயது 34. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். அன்று அவரும் பணியில் இருந்தார். சுட்டவன் முன்னாள் ராணுவ வீரன். முந்தைய இரவு சியாட்டில் பக்கத்தில் நடந்த ஒரு புத்தாண்டு விருந்தில் சிலரைச் சுட்டுவிட்டு வந்தவன் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் ஓர் ஓடையில் பிணமாகக் கிடந்தான். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மேலே பாரடைசில் பனியில் விளையாட வந்தவர்களும் ஊழியர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்வையாளர் கூடத்துக்குள் வைத்து, இரவு முழுக்கக் காத்து, விடியுமுன் கீழே இறக்கினார்கள்.

ஆண்டர்சன் குடும்பம் வாழ்ந்த ஈட்டன்வில் ஊரின் அஞ்சலகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது உச்சுக் கொட்டினார். சுட்டவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, “வண்டியக் குறுக்கால போட்டுச்சா அந்தப் புள்ள?” என்றார்.

“ஆமாங்கப்பா.”

“ரோட்டை அடச்சா? இல்ல, ஓரமா நிறுத்திட்டுக் கை காட்டுச்சா?”

“அடச்சுத்தாங்கப்பா.”

“உள்ளயே உக்காந்திருந்துச்சு.”

“எறங்கறதுக்குள்ள சுட்டுட்டானுங்கப்பா.”

அதற்குப் பிறகு அன்று முழுக்க மலையைப் பற்றித்தான் பேசினார். தேவதாரு மரங்களின் சுற்றளவைக் கையால் கட்டிப் பார்த்தார். ஒரு காட்டுச் சாலையை எப்படிப் பராமரிக்கிறார்கள், தண்ணீர் வடிய எங்கே கால்வாய் எடுத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தார். ஆனால் ஊருக்குப் போன பிறகு, தொலைபேசியில் மழை, மோட்டார், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில், “அந்த வண்டி…” என்று ஆரம்பிப்பார். அந்த இடத்தில் சாலை எத்தனை அகலம்? ஒரு பக்கம் பள்ளமா? பனியை வாரி ஒதுக்கியிருந்தால் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்குமே, சுற்றிக்கொண்டு போக வழியே இருந்திருக்காதே? வண்டியை நிறுத்தும்போது ஓட்டுநர் பக்கம் கீழே பார்த்து இருந்ததா, மேலே பார்த்து இருந்ததா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை.

அவர் ஏன் அந்த வண்டியையே சுற்றிச் சுற்றி வருகிறார் என்பதற்குக் காரணம் எங்கள் ஊரில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவுக்கு அடிக்கடி செக்போஸ்ட் வேலை விழும். சாலையோரத்தில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை, அரிக்கேன் விளக்கு, நோட்டுப் புத்தகம். சாலையின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சவுக்குக் கட்டை. அதன் ஒரு முனையில் பெரிய கல்லைக் கம்பியால் பிணைத்திருப்பார்கள், மறுமுனையில் கயிறு. கயிற்றை அவிழ்த்தால் கல்லின் கனத்துக்குக் கட்டை தானாக மேலே போகும். இறக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோகும் சாயங்காலங்களில் கயிற்றை என் கையில் கொடுப்பார். பல கைகள் பட்டுப் பட்டு அதன் நுனி கறுத்து வழவழவென்று இருக்கும். முழு பலத்தோடு தொங்கினாலும் என் எடைக்குக் கட்டை பாதிதான் இறங்கும். மீதியை அப்பா என் கைக்கு மேல் கை வைத்து இழுப்பார். ஒரு மாட்டுவண்டி வந்து நமக்காக நிற்கும்போது வரும் பெருமை இருக்கிறதே, அது அந்த வயதில் பெரிய விஷயம்.

இரவு வேறு கதை. அது சந்தனக்கட்டை லாரிகளின் காலம். விளக்கை அணைத்துவிட்டு வேகமாக வருகிற லாரிக்கு முன்னால் கட்டையை இறக்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். “கட்டை ஒடையும். ஒடஞ்ச கட்டை நம்ம மேலதான் வரும்” என்றார். “அப்ப என்னங்கப்பா பண்ணுவீங்க?” “ஒதுங்கி நின்னு நம்பரப் பாத்து எழுதிக்குவோம்.” இதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை. எனக்கும் அது வெட்கப்பட வேண்டிய ஒன்றாக எப்போதும் பட்டதில்லை. அவர் ஒதுங்கி நின்றதால்தான் எனக்கு அப்பா இருந்தார். நம்பரை எழுதிக்கொள்வதும் வேலைதான். அந்த நம்பரை வைத்துப் பிடிபட்ட லாரிகளும் உண்டு.

ஆனால் ஓய்வு பெற்ற வயதில், வேறொரு நாட்டு மலையில், ஒதுங்காத ஒருத்தியைப் பற்றி அவர் கேள்விப்பட்டார்.

இரண்டும் ஒன்றில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். செக்போஸ்ட்டுக்குப் பின்னால் இருந்தது காடு. அந்தப் பெண்ணின் வண்டிக்குப் பின்னால் பனியில் சறுக்கி விளையாடும் குழந்தைகள். அவர் ஒத்துக்கொள்வதில்லை. “அதுக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்குமா?” என்கிறார். நியாயமான கேள்வி. சோதனையில் நிற்காத ஒரு வண்டி மேலே வருகிறது என்ற தகவலில்தான் ஆண்டர்சன் சாலையை மறித்தார். நினைவேந்தல்களில் அவரைப் பலரைக் காப்பாற்றியவர் என்கிறார்கள். உண்மைதான். அந்த வண்டி பாரடைஸ் வரை போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. ஆனால் வண்டியை நிறுத்திய அந்த நொடியில் அவர் செய்தது, சங்கிலி இல்லாமல் யாரும் பனிச்சாலையில் ஏறக் கூடாது என்ற தினசரி வேலையின் நீட்சிதான். வீரம் என்று நாம் பிறகு சொல்வது அவருக்கு வேலையாக இருந்திருக்கலாம். இது அவரைச் சின்னதாக்குகிறதா, பெரிதாக்குகிறதா? எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. சாகப்போகிறோம் என்று தெரிந்து நிற்பது ஒரு வகை. தெரியாமல், நிற்க வேண்டிய இடம் இது என்பதற்காகவே நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு நாம் இன்னும் சரியாக மரியாதை செய்யக் கற்றுக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது.

அப்பாவின் கேள்விக்குப் பிறகுதான் இங்கே சாலைகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். வாஷிங்டனில் மாநிலச் சட்டமன்றம் ஒரு வேண்டுகோள் தீர்மானம் நிறைவேற்றி மாநிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பும். முடிவெடுப்பது ஆணையம். அப்படித்தான் 2016-இல் 99-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு வில்லியம் ஸ்டூவர்ட் பெயரை வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் போரிட்டு, பிறகு ஸ்னோஹோமிஷ் ஊரில் குடியேறிய கறுப்பின வீரர் அவர். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் பெயரோடு அந்தச் சாலைக்கு இருந்த தொடர்பை அறுப்பதற்காக வைத்த பெயர் அது. இப்படிச் சில பெயர்கள் பழைய கணக்கைத் தீர்க்க வருகின்றன.

பெயர் வைத்தாலும் சாலையின் எண் மாறுவதில்லை. மக்கள் எண்ணைத்தான் சொல்வார்கள். சாலைக் குறியீடுகளுக்கான மத்திய அரசின் கையேடு ஒன்று இருக்கிறது. நினைவுப் பலகைகளை ஓய்விடங்களிலும் காட்சி பார்க்கும் திட்டுகளிலும் வைப்பதே நல்லது என்கிறது அது. சாலையில்தான் வைத்தாக வேண்டுமென்றால் ஒரு திசைக்கு ஒன்று, ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காதபடி. எழுதியவர்கள் பொறுப்போடுதான் எழுதியிருக்கிறார்கள், வேகமாகப் போகிறவன் பலகையை வாசித்துக்கொண்டு போய் எதிலாவது மோதக் கூடாது என்று. ஆனால் அதன் விளைவு என்ன? பலகையில் ஒரு பெயர், மிஞ்சினால் ஒரு பதவி. அந்த மனிதர் என்ன செய்தார் என்று எழுத அங்கே இடம் கிடையாது.

இன்னொன்றையும் யோசித்தேன். ரெய்னியருக்கு மேற்கிலிருந்து வருகிற மாநில நெடுஞ்சாலை 706, எல்பி ஊரில் தொடங்கி ஆஷ்ஃபோர்டு வழியாகப் பூங்காவின் நிஸ்குவாலி வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது பூங்காவின் சாலை, மத்திய அரசுக்கு உரியது. பார்ன் ஃப்ளாட்ஸ் அந்தச் சாலையில் இருக்கிறது. மாநிலம் தன் சாலை ஒன்றுக்கு ஒரு ரேஞ்சர் பெயரைச் சூட்டினால், அந்தப் பெயர் அவர் நின்ற இடத்துக்கு வெகு முன்பே நின்றுபோகும். அது பெரிய குறையா என்று கேட்டால், இல்லை. தினமும் வேலைக்கு அவர் வந்த வழியும் அவருடையதுதானே. ஆனாலும் ஏதோ ஒன்று பொருந்தாமல் இருக்கிறது. அவர் ஒரு சாலையை மறித்து இறந்தார். சாலைக்கு ஒருவர் பெயரை வைப்பது என்றால், எல்லோரும் அந்தப் பெயரின் வழியாக நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்றுதானே ஆகிறது?

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு நடுகல் ஞாபகம் வந்துவிடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் நடுகற்கள் நிறைய. பள்ளியிலிருந்து ஒருமுறை தருமபுரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். வெயிலில் வரிசையாக நின்ற கற்களில், வில்லோடும் வாளோடும் கால்களை அகல வைத்து நின்ற மனிதர்களைப் பார்த்து, எல்லோரும் ஒரே ஆள் போலிருக்கிறார்களே என்று நினைத்தது நினைவிருக்கிறது. கூட வந்த தமிழம்மா ஒரு கல்லின் எழுத்தை விரலால் தடவி வாசித்துக் காட்டினார். இன்ன அரசனுடைய இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், ஆநிரையைக் கவர்ந்தபோது அதை மீட்டு இன்னான் பட்டான், இது அவன் கல் என்ற மாதிரி இருந்தது. அவ்வளவுதான். புகழ்ச்சி இல்லை. யார், எங்கே, எதற்காக. செங்கத்துக்கு அருகே எடத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்திலும் இருக்கிறது. ஒரு நாய் என்ன செய்தது என்று ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஒரு கல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பலகையில் பெயர் மட்டும் போதும் என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோவிவன் நினைவுக்கு வரும்.

நடுகற்களையும் வழியோரத்தில்தான் நட்டார்கள். அதைப் பற்றி அகநானூற்றில் ஒரு பாட்டு படித்தேன். முழுதாக நினைவில்லை, காட்சி மட்டும் தங்கியிருக்கிறது. பாலை நிலத்து வழி. வழிப்பறிக்காரர்கள் தங்கள் அம்புகளை நடுகல்லில் தீட்டித் தீட்டிக் கூராக்கியிருக்கிறார்கள். கல் தேய்ந்து எழுத்து குறைபட்டுப் போயிருக்கிறது. களைப்போடு வருகிற வழிப்போக்கர்கள் நின்று வாசிக்கப் பார்க்கிறார்கள், எழுத்து கூடி வராததால் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல்முறை படித்தபோது இது பொருள் தேடிப் பிரிந்து போகிறவன் கடக்கும் வழியின் கொடுமையைச் சொல்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த வழிப்போக்கர்களைத்தான் நினைக்கிறேன். நின்று பார்த்தார்களே. வாசிக்க முடியவில்லை என்றாலும் முயன்றார்களே. கால்நடையாய்ப் போகிறவனுக்கு அது முடியும். மணிக்கு ஐம்பது அறுபது மைலில் போகிறவனுக்கு எழுத்து தேய வேண்டிய அவசியமே இல்லை. வாசிக்குமுன் அது பின்னால் போய்விடுகிறது.

இப்படியே போனால் சாலைக்குப் பெயர் வைப்பதே வீண் என்ற முடிவுக்கு நான் வந்திருக்க வேண்டும். வரவிடாமல் தடுத்தது கோபிநத்தம்.

கொளத்தூரிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் கர்நாடக எல்லை. அங்கிருந்து காட்டுக்குள் போனால் கோபிநத்தம், சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த ஊர். தமிழ் பேசுகிற கிராமம்தான். அங்கே பி. சீனிவாஸ் என்ற வன அதிகாரி வேலை பார்த்தார். 1954-இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். துப்பாக்கியால் மட்டும் அந்தக் காட்டை மீட்க முடியாது என்று நம்பி, ஊரிலேயே தங்கி, மருந்து கொடுத்து, மக்களுக்காக மாரியம்மன் கோவிலும் கட்டினார். வீரப்பன் சரணடையத் தயார் என்று வந்த செய்தியை நம்பி, 1991 நவம்பர் 10 அன்று ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போனார். கொன்று தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அரசு அவருக்குக் கீர்த்தி சக்கரம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் மாரியம்மன் கோவிலில் அவர் படத்தை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர் ஓட்டிய ஜீப்பைக்கூடப் பின்னாளில் வனத்துறை செப்பனிட்டு நினைவுச் சின்னமாக வைத்தது.

அப்பாவிடம் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் எழுந்து உட்கார்ந்துகொள்வார். பக்கத்து மாநிலத்து அதிகாரி, இருந்தாலும் காடு ஒன்றுதானே என்பார். எங்கள் ஊரில் அவரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் பலகை தேவைப்படவில்லை. ஏனென்றால் அவரிடம் மருந்து வாங்கியவர்கள், அவர் குரலைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சொன்னார்கள்.

மார்கரெட் ஆண்டர்சனால் பிழைத்தவர்கள் அப்படி இல்லை. அன்று பாரடைசில் இருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் ராத்திரி ஒரு கூடத்தில் பயந்துகொண்டு உட்கார்ந்துவிட்டுத் திசைக்கொருவராகக் கலைந்து போனார்கள். அவர்களுக்கு ஊர் கிடையாது, கோவில் கிடையாது, படம் மாட்ட ஒரு பொதுச் சுவர் கிடையாது. யாரென்று தெரியாதவர்களுக்காக இறந்தவரை, யாரென்று தெரியாதவர்கள் போய்வரும் இடத்தில்தானே வைக்க முடியும்? அப்படிப் பார்த்தால் நெடுஞ்சாலையைவிடப் பொருத்தமான இடம் எது? இது தோன்றியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பல நாள் தேடிய விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பாவுக்கு அன்றே கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாலாத்துல செத்தவங்களுக்கு?” என்றார்.

1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்கு அருகே வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், காட்டு வழி தெரிந்து துப்புச் சொல்லப் போனவர்கள். அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்ததாக அம்மா சொல்வாள், எனக்கு அது நினைவில்லை. நினைவிருப்பது, அப்பா வீடு வந்து சேரும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்கள். எங்கள் பக்கத்தில் 22 என்ற எண்ணைச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர்களை அடுக்குபவர்கள் குறைவு. அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தும் அப்படித்தான். கும்பிடுவதற்கு ஓர் அதிகாரியின் முகம் கிடைத்தது. வாட்சருக்கும் துப்பு சொன்னவனுக்கும் படமே எடுத்திருக்க மாட்டார்களே.

ரெய்னியரிலும் அதே 2012-இல் இன்னொரு சாவு நடந்தது. ஜூன் 21 அன்று, டெக்சாசிலிருந்து வந்த மலையேறிகளை மீட்கும் வேலையில் இருந்த நிக் ஹால் என்ற ரேஞ்சர் சரிவில் வழுக்கி ஆயிரக்கணக்கான அடி கீழே விழுந்து இறந்தார். வயது 33. சுட்டவன் யாருமில்லை. பனியும் சரிவும்தான். ஒருவர் கொல்லப்பட்டார், ஒருவர் விழுந்தார். எந்தச் சாவுக்குப் பெயர் சூட்டுவது என்று ஒரு ஆணையத்தின் முன் யாராவது கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? நம் ஊரில் யானை மிதித்து இறக்கிற வேட்டைத் தடுப்புக் காவலர்களை எந்த வரிசையில் வைப்பது? துப்பாக்கிச் சாவுக்குக் கதை இருக்கிறது, எதிரி இருக்கிறான். வழுக்கி விழுந்தவனுக்கும் யானையிடம் அகப்பட்டவனுக்கும் வேலை மட்டும்தான் இருக்கிறது. ஆனால் நான் மேலே எழுதியபடி மரியாதை வேலைக்குத்தான் என்றால், இந்த வித்தியாசமே இருக்கக் கூடாது. இருக்கிறது. எனக்குள்ளேயே இருக்கிறது. ஆண்டர்சனைப் பற்றி இத்தனை எழுதிய நான், ஹாலைப் பற்றி ஐந்தாறு வரியோடு நிறுத்துகிறேன்.

ஆண்டர்சனின் குடும்பத்தைப் பற்றியும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அன்று பணியில் இருந்த கணவரை நினைத்தால் எனக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. அம்மாவின் முகம் சரியாக நினைவிருக்க முடியாத வயதில் அவளை இழந்த இரண்டு பெண்கள் இப்போது வளர்ந்திருப்பார்கள். அவர்கள் போகிற வழியில் ஒரு பலகை நின்றால், அதில் பெயர் மட்டும் இருப்பது ஒரு கருணையாக இருக்கலாம். என்ன நடந்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பலகை அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய அம்மாவைத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்குத்தான் அந்த ஒரு வரி வேண்டும்: சாலையின் குறுக்கே வண்டியை நிறுத்தினார், மேலே இருந்தவர்களிடம் அவன் போய்ச் சேரவில்லை என்று. எங்களுக்காக எழுதினால் அவர்களுக்கு அது தினசரிக் காயம். அவர்களுக்காக எழுதாமல் விட்டால் எங்களுக்கு அது வெறும் பெயர். நடுகல் நட்டவர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள்? இறந்தவனின் மனைவியும் பிள்ளைகளும் அதே கல்லுக்குத்தானே படைத்திருப்பார்கள், அதே எழுத்தைத்தானே யாராவது வாசித்துக் காட்டக் கேட்டிருப்பார்கள்? அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று எந்தக் கல்லிலும் எழுதியிருக்கவில்லை.

போன வாரம் அப்பாவிடம் நேராகவே கேட்டேன், பலகையில் என்ன எழுதினால் சரியாக இருக்கும் என்று. “பேரு போதும் கண்ணு” என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, “இல்ல, வண்டியக் குறுக்கால போட்டுச்சுன்னு ஒரு வார்த்தை எழுதோணும்” என்றார். அந்தப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்றேன். அதற்கு அவர் பேச்சை மாற்றிவிட்டார். அவர் முதலில் சொன்னதும் எனக்குச் சரியாகப் படுகிறது, பிறகு சொன்னதும் சரியாகப் படுகிறது. ஒரு சாலைத் துண்டுக்கு அப்படிப்பட்ட ஒருவர் பெயரை வைக்க நாளைக்கு யாராவது என்னிடம் கையெழுத்துக் கேட்டால் போடுவேன், அதில் சந்தேகமில்லை. பெயருக்குக் கீழே என்ன எழுதலாம் என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.